கால் யூனிட் கரண்ட், 100 ஆம்ப்ஸ் தொல்லை: கேரவனில் தலை காய வைப்பது எப்படி

ஒகேனக்கல்லில் எண்ணெய் மசாஜ் எடுத்துக்கொண்டு அருவியில் நின்றுவிட்டு வருகிறவர்களில் நீள முடிக்காரர்களுக்கு மட்டும் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் குளித்தால் முடி இருட்டுவதற்குள் காயாது, ஈரத்தலையோடு படுத்தால் மறுநாள் நீர் கோத்துக்கொண்டு தலை பாரமாக இருக்கும். லாட்ஜில் ரூம் எடுத்தவர்களுக்குச் சுவரில் பிளக் பாயின்ட் இருக்கிறது. டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றி, படுக்கை, அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்துக்கொண்டு வந்து நிறுத்தியிருப்பவர்கள் என்ன செய்வது? "ஹேர் டிரையர் ஓட எத்தனை பேட்டரி வேணும்?" என்று பேட்டரிக் கடையில் கேட்டால் ஒருவர் வீட்டு இன்வர்ட்டருக்கு வைக்கும் 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) ட்யூபுலர் பேட்டரி இரண்டு போடச் சொல்வார், இன்னொருவர் அதெல்லாம் வண்டியில் ஓடவே ஓடாது என்பார். கேள்வியே கொஞ்சம் கோணலாக இருப்பதால்தான் பதிலும் இப்படி இரண்டு பக்கமும் இழுக்கிறது.

ஐரோப்பாவில் இந்தத் தலைவலி பாதிப் பேருக்கு இல்லை. அங்கே முகாம் மைதானத்தில் வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் ஒரு கம்பம், அதில் நீல நிற மூன்று முனை சாக்கெட், 230 வோல்ட், பெரும்பாலும் 6 முதல் 16 ஆம்ப்ஸ். வண்டியிலிருந்து கேபிளை இழுத்துச் சொருகினால் வீட்டில் இருப்பது மாதிரிதான். கேரளா 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டம் அறிவித்தபோது கேரவன் பார்க் என்பதையும் அதில் சேர்த்ததற்குக் காரணங்களில் இந்த மாதிரி வசதியும் ஒன்று. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அப்படிக் கம்பம் நட்டு வைத்திருக்கும் இடத்தை எதிர்பார்த்துக் கிளம்ப முடியாது. ஓட்டல் மேனேஜரிடம் கேட்டு ரூம் ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுக்கலாம், அவர் சரி என்றால். அஞ்செட்டி ரோட்டிலோ கே.ஆர்.பி. அணைப் பக்கத்திலோ வத்தல்மலை மேலேயோ நிறுத்தினால் வண்டிக்குள் இருப்பதுதான் கரண்ட்.

சரி, கணக்குக்கு வருவோம். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சாதாரண டிரையர் 1000 முதல் 1200 வாட்ஸ், பார்லர்காரர்கள் வைத்திருப்பது 2000 பக்கம். 1200 வாட்ஸ் டிரையரைப் பத்து நிமிடம் ஓட்டினால் செலவாவது 200 வாட்-அவர் (1000 வாட்-அவர் ஒரு யூனிட்). கால் யூனிட்கூட இல்லை, வீட்டு பில்லில் ஓரிரண்டு ரூபாய். வண்டியில் இருக்கும் சின்ன கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு இதைப்போல இரண்டு மடங்கு சத்தமில்லாமல் தின்கிறது, அதைப்பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஆக, மொத்த அளவைப் பார்த்தால் டிரையர் பெரிய பகாசுரன் கிடையாது.

அது கேட்கும் வேகம்தான் சிக்கல். வீட்டில் 230 வோல்ட்டில் 1200 வாட்ஸ் என்பது 5 ஆம்ப்ஸ் சொச்சம், 6 ஆம்ப்ஸ் சாக்கெட்டே தாங்கும். வண்டியில் பேட்டரி 12 வோல்ட். அதே 1200 வாட்ஸை 12ஆல் வகுத்தால் 100 ஆம்ப்ஸ். அந்த 12 வோல்ட்டை 230 ஆக்கித் தரும் இன்வர்ட்டர் தன் பங்குக்குப் பத்துப் பதினைந்து சதவீதம் சூடாக்கி வீணடிக்கும், அதையும் சேர்த்தால் 110, 115. டிராவலர் ஸ்டார்ட் ஆகும்போது செல்ஃப் மோட்டார் இதைவிட அதிகமாக இழுக்கும், ஆனால் அது இரண்டு வினாடிக் கதை. டிரையர் அதே மாதிரியான இழுப்பைப் பத்து நிமிடம் விடாமல் இழுக்கிறது. கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி நிறைய சரக்கு குவிந்திருந்தாலும், வாசல் ஒரு ஆள் கூடையோடு நுழையும் அகலம்தான் என்றால் லாரி லோடு ஏற மத்தியானம் ஆகிவிடும். சரக்கு எவ்வளவு என்பதை மட்டும் கேட்டுவிட்டு வாசலைப் பார்க்காமல் வருவதால்தான் பலருடைய வண்டியில் பேட்டரி பாதி இருக்கும்போதே இன்வர்ட்டர் கீச் கீச் என்று கத்தி அணைகிறது.

ஈய-அமில பேட்டரிக்கு இந்த வாசல் குறுகல். 150 ஏஎச் என்று எழுதியிருக்கும் வீட்டு ட்யூபுலர் பேட்டரியின் அந்த 150, மெதுவாக, 10 அல்லது 20 மணி நேரத்தில் எடுத்தால் வரும் கணக்கு. 100 ஆம்ப்ஸ் வீதம் உறிஞ்சினால் அதே பேட்டரி பாதி, அல்லது அதற்குச் சற்று மேல்தான் தரும், அதையும் முகம் சுளித்துக்கொண்டுதான் தரும். வோல்டேஜ் சட்டென்று இறங்கும். இன்வர்ட்டர் 11 வோல்ட் பக்கம் வந்ததும் கத்த ஆரம்பிக்கும், 10.5இல் கையை விரித்துவிடும். பேட்டரி புதிதாக, முழுக்க சார்ஜ் ஏறி இருந்தால் ஒரு தலை காயும். ராத்திரி முழுக்க ஃபேனும் ஃபிரிட்ஜும் ஓடிய பிறகு விடியற்காலையில் போட்டால் காயாது. அதோடு ட்யூபுலர் ஒன்றே 50 கிலோவுக்கு மேல், தொப்பூர் கணவாய் மாதிரி இறக்கத்தில் பிரேக் அடிக்கும்போது உள்ளே ஆசிட் அலம்பும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்க வேண்டிய சாமான் அது. படுக்கைக்குக் கீழே அதற்கு இடம் கிடையாது.

வண்டியின் சொந்த பேட்டரியிலேயே இன்வர்ட்டரைக் கட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் ஒப்பேறும். நிறுத்திவிட்டு ஓட்டினால் அது ஆழமாக இறங்கப் பழகாத பேட்டரி, அடிக்கடி அப்படி இறக்கினால் ஆயுசு சீக்கிரம் போய்விடும். காலையில் பென்னாகரம் மெக்கானிக்கைத் தேடிப் போன் போட வேண்டிவரும். இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வந்த பிறகுதான் இந்தப் பேச்சுக்கே அர்த்தம் வந்தது. 12.8 வோல்ட், 100 ஏஎச் பேட்டரி ஒன்றில் 1280 வாட்-அவர் இருக்கிறது, எடை 11 முதல் 13 கிலோ. வேகமாக எடுத்தாலும் ஏறக்குறைய முழுசையும் தரும், வோல்டேஜும் கடைசி வரை பெரிதாக இறங்காது. ஆனால் இதற்கும் ஒரு வாசற்காவலன் உண்டு. உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்ற மின்சுற்று, 100 ஏஎச் பேட்டரிகளில் பெரும்பாலும் 100 ஆம்ப்ஸ்தான் தொடர்ந்து அனுமதிக்கும். மேலே போட்ட கணக்கை, 12க்குப் பதில் 12.8ஆல் வகுத்து, திரும்பப் போடுங்கள்: 1000 வாட்ஸ் டிரையர் இந்த பேட்டரியில் 90 ஆம்ப்ஸுக்குள் இழுக்கும், தாராளமாக ஓடும். 1200 வாட்ஸ் டிரையர் 105ஐத் தொடும், பாதித் தலையில் பட்டென்று எல்லாமே அணைந்துவிடலாம், விளக்கு உட்பட. 200 வாட்ஸ் வித்தியாசத்தில் ஒரு பேட்டரியா இரண்டு பேட்டரியா என்பது முடிவாகிறது. கடையில் பேட்டரி வாங்கும்போது ஏஎச் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள், தொடர்ந்து எத்தனை ஆம்ப்ஸ் விடும் என்று கேட்பவர்கள் குறைவு. அதைக் கேளுங்கள்.

நம் மாவட்டங்களில் லித்தியம் என்றால் இப்போது யாரும் மிரள்வதில்லை. ஓசூரில் ஏதரும் போச்சம்பள்ளியில் ஓலாவும் மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள், இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அங்கே வேலை பார்க்கிறார்கள். அதனால் வரும் ஒரு யோசனை: பழைய ஸ்கூட்டர் பேட்டரியைக் கேரவனில் மாட்டினால் என்ன? அந்த பேட்டரிகள் 50 வோல்ட்டை ஒட்டியவை, 12 வோல்ட் இன்வர்ட்டருக்குப் பொருந்தாது, பிரித்து மறுபடி கோத்துக் கட்டுவது வீட்டில் செய்யும் வேலையும் இல்லை. ஆனால் அந்த யோசனைக்குள் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. ஸ்கூட்டர் மேடேறும்போது பல ஆயிரம் வாட்ஸை அலட்டிக்கொள்ளாமல் தருவதற்கு அந்த 50 வோல்ட்டும் ஒரு காரணம். வோல்டேஜ் நாலு மடங்கானால் ஆம்ப்ஸ் நாலில் ஒரு பங்கு. 48 வோல்ட்டில் நம் டிரையர் 28 ஆம்ப்ஸ்தான் கேட்கும். புதிதாக வண்டி கட்டுகிறவர்கள், குறிப்பாக பெரிய பஸ் சேசிஸில் கட்டுகிறவர்கள், 24 அல்லது 48 வோல்ட்டில் வண்டியின் குடியிருக்கும் பகுதிக்கான கரண்ட்டை அமைத்துவிட்டு, லைட்டுக்கும் பம்புக்கும் மட்டும் சின்ன கன்வர்ட்டர் வைத்து 12 வோல்ட் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். டிராவலரில் ஏற்கனவே எல்லாம் 12 வோல்ட் என்பதால் பெரும்பாலோர் அதிலேயே தொடர்கிறார்கள், தப்பில்லை, ஒயரில் கவனம் வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஒயர் விஷயத்தில்தான் நான் பார்த்த வண்டிகளில் பாதி கோட்டை விட்டிருக்கின்றன. பேட்டரி பின் சீட்டுக்குக் கீழே, இன்வர்ட்டர் கண்ணாடி பக்கத்தில், நடுவே 2 மீட்டர் தூரம் என்று வையுங்கள். போக வர 4 மீட்டர் கேபிள். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் கனம்) ஒயரில் 110 ஆம்ப்ஸ் விட்டால் அந்த 4 மீட்டரிலேயே கிட்டத்தட்ட 2 வோல்ட் காணாமல் போகும், 200 வாட்ஸ் சூடு ஒயரிலேயே இறங்கும். டிரையரைவிட ஒயர் நன்றாகக் காயும். மேலே உறை உருகி, பக்கத்தில் இருக்கும் ஸ்பாஞ்சு மெத்தை பற்றிக்கொள்ள நேரமே ஆகாது. 10 ஸ்கொயர் போட்டால் முக்கால் வோல்ட் போகிறது, 80 வாட்ஸ் சூடு, அதுவும் சரியில்லை. 35 ஸ்கொயர் செம்பு கேபிளில் கால் வோல்ட்டுக்கும் குறைவு, 24 வாட்ஸ்தான். லாரி எலக்ட்ரீசியன்களிடம் இந்த 35 ஸ்கொயர் கேபிள் இருக்கும், வெல்டிங் கேபிளிலும் அந்த அளவு கிடைக்கும். ஆனால் செம்பா, செம்புப் பூச்சு போட்ட அலுமினியமா என்று ஒரு முனையைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையமான லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்கும் வேலையும் ஆகாது. ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்த வேண்டும், தளர்ந்த லக் ஒன்று போதும், மொத்த கேபிளின் சூடும் அந்த ஒரே புள்ளியில் சேர்ந்துவிடும்.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது, ஏனோ பலருக்குத் தோன்றுவதில்லை: இன்வர்ட்டரை பேட்டரிக்கு ஒட்டியே வைத்துவிட்டு, 230 வோல்ட் பக்கத்து ஒயரை நீளமாக இழுங்கள். அந்தப் பக்கம் 5 ஆம்ப்ஸ்தானே, 1.5 ஸ்கொயர் ஒயர் வண்டியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை போனாலும் ஒன்றும் ஆகாது. பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 150 ஆம்ப்ஸ் டிசி (பேட்டரியின் ஒரே திசைக் கரண்ட்) பியூஸ் கட்டாயம். வீட்டு மெயின் போர்டில் இருக்கும் ஏசி (திசை மாறி மாறி ஓடும் கரண்ட்) எம்சிபியை, அதாவது டிரிப் ஸ்விட்சை, இங்கே போடக்கூடாது, ஏசியில் கரண்ட் வினாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால் தீப்பொறி தானாக அணையும், டிசியில் அந்தச் சலுகை இல்லை.

இன்வர்ட்டருக்கு வருவோம். பெட்டியில் 2000 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், உள்ளே பொடி எழுத்தில் அது ஒரு கணம் தாங்கும் உச்சம் என்றும் தொடர்ந்து தருவது 1000 என்றும் இருக்கும். வீட்டு யூபிஎஸ்ஸில் 900 விஏ என்பதும் 900 வாட்ஸ் இல்லை, அதைவிடக் குறைவு. டிரையருக்கு ஒரு நல்ல குணம் உண்டு, தண்ணீர் மோட்டார் மாதிரி ஆரம்பத்தில் பல மடங்கு இழுக்காது, முதல் வினாடியிலிருந்து எழுதியிருக்கும் வாட்ஸை ஒட்டித்தான் இழுக்கும். அதனால் 1200 வாட்ஸ் டிரையருக்கு உண்மையிலேயே தொடர்ந்து 1500 தரும் இன்வர்ட்டர் போதும். சூடாகும் சுருள் கம்பிக்கு சைன் வேவ் (வீட்டுக் கரண்ட் மாதிரி வளைந்த அலை) ஆனாலும் ஸ்கொயர் வேவ் (சில இன்வர்ட்டர்கள் தரும் கட்டம் கட்டமான அலை) ஆனாலும் ஒன்றுதான், இரண்டிலும் சூடாகும். ஆனால் இப்போது வரும் அதிவேக மோட்டார் டிரையர்களுக்குள், டைசன் மாதிரி 1600 வாட்ஸ் மாடல்கள் உட்பட, எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது. அவற்றுக்குத் தூய சைன் வேவ்தான் கொடுக்க வேண்டும். விலையைப் பார்த்தால் பரிசோதனை செய்ய யாருக்கும் மனசு வராது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த நுணுக்கம் ஒன்று. "எதற்கு வம்பு, லோ ஸ்பீடில் போட்டுக்கொள்கிறேன், பாதி கரண்ட்தானே" என்று 800 வாட்ஸ் இன்வர்ட்டரில் டிரையரை லோவில் வைத்துப் போடுவார்கள். இன்வர்ட்டர் உறுமும், சில சமயம் உடனே அணையும். பாதிதானே இழுக்கிறது, ஏன்? விலை குறைந்த பல டிரையர்களில் லோ என்றால் உள்ளே ஒரு டயோடு வழியாகக் கரண்ட் போகிறது என்று அர்த்தம். டயோடு ஒரு திசையில் மட்டும் விடும். ஏசி அலையில் மேல் பாதியை விட்டுவிட்டுக் கீழ்ப் பாதியைத் தடுத்துவிடும். சராசரியாகப் பார்த்தால் 600 வாட்ஸ்தான், ஆனால் அந்த மேல் பாதி ஓடும் நேரத்தில் டிரையர் முழு 1200க்கு உண்டான கரண்டைத்தான் இழுக்கிறது. இன்வர்ட்டர் சராசரியைப் பார்ப்பதில்லை, அந்தக் கணத்து உச்சத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த இன்வர்ட்டராக இருந்தால் ஒரே பக்கம் இழுபட்டு டிரான்ஸ்ஃபார்மர் சூடாகி உறுமும். பவர் கட் நேரத்தில் வீட்டு இன்வர்ட்டர் லைனில் டிரையரை லோவில் போட்டு அந்த உறுமலைக் கேட்டவர்கள் இருப்பார்கள். ஆகவே லோ ஸ்விட்சை நம்பிச் சின்ன இன்வர்ட்டர் வாங்காதீர்கள். குறைந்த வாட்ஸ் வேண்டுமானால் ஹையிலேயே 1000க்குள் இருக்கும் மடக்கு டிரையரை வாங்குவதுதான் வழி.

இன்னொன்று, வேலை முடிந்ததும் இன்வர்ட்டரை அணையுங்கள். 2000 வாட்ஸ் இன்வர்ட்டர் சும்மா விழித்துக்கொண்டிருப்பதற்கே 15 முதல் 25 வாட்ஸ் எடுக்கும். ராத்திரி 10 மணி நேரம் மறந்துவிட்டால் ஒரு தலை காய வைக்கும் கரண்ட் வீணாகப் போயிருக்கும்.

இவ்வளவு எதற்கு, காரில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் 12 வோல்ட் டிரையர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது. அந்த சாக்கெட்டின் பியூஸ் 10 முதல் 20 ஆம்ப்ஸ், நடுவாக 15 என்று வைத்தால் 180 வாட்ஸ். துண்டால் துடைத்த பிறகும் நீள முடியில் 100 கிராம் தண்ணீர் தங்கியிருப்பது சாதாரணம். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 2.4 கிலோஜூல் வேண்டும், 100 கிராமுக்கு 67 வாட்-அவர், ஒரு துளி சூடும் வீணாகாமல் முடிக்குள் போனால். அப்படி எங்கும் போவதில்லை. 1200 வாட்ஸ் டிரையர் பத்து நிமிடத்தில் செலவழிக்கும் 200இல் மூன்றில் ஒரு பங்குதான் இந்த வேலைக்குப் போகிறது, மீதி வண்டிக்குள் இருக்கும் காற்றைச் சுட வைக்கிறது. அதே திறனில் 180 வாட்ஸ் டிரையர் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். கை வலிக்கும். முன் கண்ணாடியில் படியும் பனியைக் கலைக்கத்தான் அது லாயக்கு.

ஆனால் இதே கணக்கைத் திருப்பிப் படித்தால் நல்ல சேதி இருக்கிறது. துண்டு உறிஞ்சும் ஒவ்வொரு கிராம் தண்ணீரும் பேட்டரிக்கு மிச்சம். தடிமனான டர்க்கி டவலைவிட, துவைத்துத் துவைத்து மெலிந்த ஈரிழைத் துண்டு, அல்லது மைக்ரோஃபைபர் துண்டு, முடியைச் சுற்றிக் கொண்டை போட்டுக் கால் மணி நேரம் விட்டால் இருக்கும் தண்ணீரில் பெரும்பங்கை வாங்கிவிடும். அப்புறம் ஐந்து நிமிட டிரையர் போதும். இன்னும் ஒன்று: 12 வோல்ட் ஃபேன் 25 வாட்ஸில் ஓடுகிறது, அது முடியைக் காய வைக்கும்போது ஆவியாக்கும் சூட்டை பேட்டரியிலிருந்து எடுப்பதில்லை, சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுக்கிறது. ஏப்ரல், மே மாதத்தில் தர்மபுரிக் காற்றில் இருக்கும் சூட்டுக்கும் வறட்சிக்கும் அந்த ஃபேனே தாராளம். அந்த மாதங்களில் டிரையரை எடுத்துப் போவதே தண்டம். அப்போது பேட்டரிக்குத்தான் கவலை, வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் சூடு ஏறி 45 டிகிரியைத் தாண்டினால் லித்தியம் பேட்டரிகள் பலவும் சார்ஜ் ஏற்ற மறுக்கும்.

டிரையர் தேவைப்படுவது நவம்பர் முதல் ஜனவரி வரை. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காலையில் பனி இறங்கி 15 டிகிரியை ஒட்டி இருக்கும், வத்தல்மலையிலும் அப்படித்தான், ஃபேன் போட்டால் பல் கிட்டும். அந்த நேரம் பார்த்துத்தான் வடகிழக்குப் பருவமழை மேகம். கூரையில் 400 வாட்ஸ் சோலார் வைத்திருந்தால் தெளிவான நாளில் ஒன்றரை யூனிட் வரை வரும், எத்தனை தலையை வேண்டுமானாலும் காய வைக்கலாம். மூட்டமான நாளில் அதில் மூன்றில் ஒரு பங்கு தேறுவதே பெரிது. தேவைப்படும் மாதமும் சோலார் தரும் மாதமும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசை, சோலார் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

அதற்கு மாற்று எஞ்சினிலேயே இருக்கிறது. எஞ்சினோடு சுழன்று கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து, ஃபிரிட்ஜ், டிரையர் ஓட்டும் பேட்டரிக்கு நேராக ரிலே போட்டு இணைப்பது ஈய பேட்டரிக் காலத்துப் பழக்கம். லித்தியம் அடங்காமல் இழுக்கும், ஐட்லிங்கில் காற்றோட்டம் குறைவான நேரத்தில் ஆல்டர்னேட்டர் சுட்டுப் போகும். நடுவே 30 ஆம்ப்ஸ் டிசி-டிசி சார்ஜர் ஒன்று வைத்தால் அது மணிக்கு 400 வாட்-அவர் பக்கம் ஏற்றும். டிரையர் ஒரு முறை குடிப்பது, இன்வர்ட்டர் சேதாரத்தோடு, 230. ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம் வழியாக தர்மபுரி 46 கிலோமீட்டர், மலைப்பாதையும் ஊர் நெரிசலும் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு பயணத்தில் இரண்டு பேர் தலை காய்ந்த கரண்ட் கிட்டத்தட்ட திரும்பி ஏறிவிடும். தினமும் வண்டியை நகர்த்துகிறவர்களுக்கு சோலாரைவிட இதுதான் நிச்சயமான வழி. ஒரே இடத்தில் மூன்று நாள் டேரா போடுகிறவர்களுக்குத்தான் சோலார்.

ஜெனரேட்டரும் வேலை செய்யும். சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் 2 கேவிஏ என்றால் டிரையர் கவலையில்லாமல் ஓடும், பக்கத்தில் டேரா போட்டவர் சாபம் விடுவார், அதோடு புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஜன்னலுக்குக் கீழேயோ வண்டிக்கு அடியிலோ வைத்து ஓட்டினால் உயிருக்கு ஆபத்து. பத்து நிமிட வேலைக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா என்று யோசியுங்கள்.

குளிர் நாட்டுக்காரர்கள் இதற்கு வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். வண்டிக்குள் கேஸிலோ டீசலிலோ எரியும் ஹீட்டர், ட்ரூமா, வெபாஸ்டோ மாதிரி, புகையை வெளியே தள்ளி, சூடான காற்றைக் குழாய் வழியாக உள்ளே ஊதும். அந்தக் குழாய் வாய்க்கு முன்னால் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். 2 கிலோவாட் டீசல் ஹீட்டர் முழு வேகத்தில் மணிக்குக் கால் லிட்டர் டீசல் குடிக்கும், ஃபேனுக்குச் சில பத்து வாட்ஸ் மட்டும் பேட்டரியிலிருந்து. சூட்டைக் கரண்ட்டில் எடுக்காமல் எரிபொருளில் எடுப்பதுதான் இதில் உள்ள கெட்டிக்காரத்தனம். மணாலி, லே என்று போகிற நம் ஊர் வண்டிகளிலும் பொருத்துகிறார்கள். ஓசூர் குளிருக்காக மட்டும் அதை வாங்குவது அதிகப்படி.

எரிபொருள் என்றதும் பாட்டிகளின் சாம்பிராணி ஞாபகம் வரும். கூடையைக் கவிழ்த்து அதன்மேல் முடியைப் பரப்பிப் புகை காட்டுவது வீட்டு முற்றத்தில் அருமையான விஷயம், முடியும் காயும், மணமும் ஏறும். கேஸ் சிலிண்டரும் ஸ்பாஞ்சு மெத்தையும் இருக்கும் மூடிய வண்டிக்குள் தணல் வேண்டவே வேண்டாம். வண்டிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளலாம். டிரையர் போடும்போதும் கூரை வென்ட்டைத் திறந்து வையுங்கள். முடியிலிருந்து போகும் 100 கிராம் தண்ணீர் எங்கும் மறைவதில்லை. டிராவலருக்குள் இருக்கும் 15 கன மீட்டர் சொச்சம் காற்று 20 டிகிரியில் தாங்குவதே மொத்தம் 260 கிராம் ஈரம்தான், ஏற்கனவே பாதிக்கு மேல் இருக்கும், இதையும் சேர்த்தால் ராத்திரி கண்ணாடியிலும் தகரத்திலும் வேர்த்து ஒழுகும்.

ஈரக் கை, ஈரக் கால், 230 வோல்ட். இன்வர்ட்டரின் 230ஐ பேட்டரி 12தானே என்று இளக்காரமாகப் பார்ப்பவர்கள் உண்டு, ஷாக் அடித்தால் வீட்டில் அடிப்பது மாதிரியேதான் அடிக்கும். கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் ஆர்சிசிபி ஸ்விட்ச் போட்டால் மட்டும் போதாது. பல இன்வர்ட்டர்களில் நியூட்ரல் எதனோடும் இணையாமல் தொங்கும், அந்த நிலையில் ஆர்சிசிபி விழாது. நியூட்ரலும் வண்டியின் பாடியும் முறைப்படி இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று விவரம் தெரிந்த எலக்ட்ரீசியனிடம் காட்டுங்கள். ஓட்டலில் எக்ஸ்டென்ஷன் கிடைக்கும் நாளில் அந்தக் கரண்ட்டும் இன்வர்ட்டர் கரண்ட்டும் ஒரே லைனில் மோதாமல் இருக்க சேஞ்ச்ஓவர் ஸ்விட்சும் வேண்டும்.

கடைசியாக ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது: முகூர்த்த நாளில் மண்டபம் மண்டபமாகப் போகும் மணப்பெண் அலங்கார வண்டிக்காரர்கள். அவர்களிடம் இருப்பது 2000 வாட்ஸ் பார்லர் டிரையர், 12 வோல்ட்டில் அது 190 ஆம்ப்ஸ். அதுவும் பத்து நிமிடத்தில் முடியாது, விடியற்காலை மூன்று மணிக்கு ஆரம்பித்தால் மணப்பெண், நாத்தனார், சித்தி பெண்கள் என்று வரிசை நிற்கும். விட்டு விட்டு ஓடினாலும் மொத்தம் ஒரு மணி நேரம் ஓடிவிடும், இன்வர்ட்டர் சேதாரத்தோடு இரண்டு யூனிட்டைத் தாண்டும். 12 வோல்ட் அமைப்பை அதற்கு இழுத்து நீட்டுவது வீண் செலவு, 48 வோல்ட் பேட்டரியும் அதற்கேற்ற 3 கிலோவாட் இன்வர்ட்டரும் போட்டுக்கொள்ளலாம். அதைவிடச் சுலபம், மண்டபத்துக்காரரிடம் முன்கூட்டியே பேசி 16 ஆம்ப்ஸ் பாயின்ட் ஒன்றைக் கேட்டு, 2.5 ஸ்கொயர் ஒயரில் நல்ல எக்ஸ்டென்ஷன் சொந்தமாகக் கட்டி வைத்துக்கொள்வது. ஸ்ட்ரெய்ட்னரைப் பற்றி மட்டும் அவர்கள் கவலைப்பட வேண்டாம். அது சூடாக இருப்பதைப் பார்த்து டிரையர் அளவு இழுக்கும் என்று நினைப்பார்கள், ஆனால் பெரும்பாலானவை 50 வாட்ஸைச் சுற்றித்தான். லேப்டாப் சார்ஜ் போடும் சின்ன இன்வர்ட்டரிலேயே அது ஓடிவிடும்.